சும்மா இருக்கச் சொன்ன வசனம்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டைத் தட்டு சுற்றி வரும். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்லும் வசனம் அட்டையில் இருக்கும் என்பது நம்பிக்கை. வீட்டு ஆண்பிள்ளைதான் பெண்டாட்டிக்கும் சேர்த்து எடுப்பார். என் கணவர் எனக்காக எடுத்ததில், கர்த்தர் உனக்காக யுத்தம் பண்ணுவார், நீ சும்மா இரு என்று வந்தது. என் கொழுந்தனுக்கு அன்று நிலக்கரி மைன்ஸில் காலை ஷிப்ட். அதனால் அவர் மனைவி, என் ஓரகத்தி, தன் அட்டையைத் தானே எடுத்தாள். பிசாசை எதிர்த்து நில், அவன் ஓடிப்போவான் என்று அவளுக்கு வந்தது.

ஒரே பைபிள், ஒரே தட்டு. ஒருத்தியை எதிர்க்கச் சொல்லிவிட்டு இன்னொருத்தியை ஒதுங்கச் சொன்னால் என்ன நியாயம்? எனக்கு அங்கேயே வயிறு எரிந்தது. எங்கள் இருவருக்கும் பிசாசு ஒருவன்தான் என்பதால் இன்னும் அதிகமாக எரிந்தது.

நாங்கள் கான்ட்ராக்ட் கேன்டீன் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவர்கள். அங்கே ஒரு சூப்பர்வைசர். வாடி போடி என்றுதான் கூப்பிடுவான். தன் வீட்டு எச்சில் பாத்திரங்களையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் கொட்டுவான். வருடக்கணக்காக நான் அதைத் துலக்கினேன். எனக்கு அவனிடம் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. ஒவ்வொன்றையும் வீட்டில் ஒத்திகை பார்த்திருக்கிறேன். என் கணவரோ அட்டையைக் காட்டி, "வேதமே சொல்லுது, வாய மூடிகினு இரு. வேல போயிடும்" என்றார்.

ஓரகத்தி கிறிஸ்துமஸுக்கு முன்புதான் வேலைக்கு வந்தவள். பொங்கல் கழிந்த ஒரு காலையில் அவன் மூட்டையைக் கொட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இது கேன்டீன் பாத்திரம் இல்லிங்க. நாங்க தொலக்க மாட்டோம். வாடி போடின்னும் கூப்புடாதீங்க."

அவ்வளவுதான். கத்தக்கூட இல்லை. அவன் அவளையே பார்த்தான், பிறகு தானே குனிந்து பாத்திரங்களைப் பொறுக்கினான். மறுநாளிலிருந்து எல்லோரும் 'வாங்கம்மா' ஆகிவிட்டோம். நான் மட்டும் அந்த மரியாதையை வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டேன். என் எதிரி அவன். இத்தனை வருடம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த சண்டையை நேற்று வந்தவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

பொறுக்கமாட்டாமல் கணவரோடு பாஸ்டரிடம் போய், கேன்டீனில் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். வசனங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே என்று சொன்னேனே தவிர, பொறாமை என்று சொல்லவில்லை. அவர் சிரித்தார். முரண் எங்கே இருக்கிறது, அவள் எதிர்த்து நின்றாள், அவன் ஓடினான். நீ சும்மா இருந்தாய், அவளைக்கொண்டு கர்த்தர் உனக்காக யுத்தம் பண்ணினார். ஒரே நாளில் இரண்டும் நிறைவேறிவிட்டது என்றார். என் கணவர் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டு வந்தார். எனக்கு மட்டும் பதில் சரியாக இருந்ததே ஆத்திரமாக இருந்தது. அவளுக்குச் சண்டை, எனக்கு வேடிக்கை என்று ஆண்டவரே பங்கு பிரித்துவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த வாரம் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். பயமில்லாமலா என்று அவள் சிரித்தாள்.

"நீங்க பின்னால நின்னுகினு இருக்கீங்கன்னு நெனச்சிதான் பேசினேன் அக்கா. அப்புறம் திரும்பிப் பாத்தா ஸ்டோர் ரூம் கதவுகிட்ட இருக்கீங்க."

குறையாகச் சொல்லவில்லை. வெங்காயத்தை உரித்தபடிதான் சொன்னாள். நானும் உரித்துக்கொண்டே இருந்தேன். அவள் தைரியத்தின்மேல் இருந்த பொறாமைகூட எனக்கு அப்போது சின்னதாகிப் போனது. எனக்குப் பின்னால் யாராவது நிற்பார்கள் என்று ஒருநாளாவது நான் நினைத்ததுண்டா? இவள் என்னைப் போய் நினைத்திருக்கிறாள்.