சும்மா இருக்கும் அம்மா: பத்துப் படங்கள்

மாடியில் காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து மடித்துக்கொண்டிருந்தவர் படக்காரியின் வீட்டுக்காரர். அஞ்சலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். சட்டையையும் கடித உறை மாதிரிதான் மடிப்பார். வேறு நாளாக இருந்தால் படக்காரி அதைப் பிடுங்கித் திரும்ப மடித்திருப்பாள். இன்று அவள் கணினியை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

படக்காரி என்பது தெரு வைத்த பெயர். உட்கார்ந்த இடத்தில் படம் பார்ப்பதற்குச் சம்பளமா என்று எதிர்வீட்டுக்காரி வாயைப் பிளந்த நாளிலிருந்து அது ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவள் பார்ப்பது மதிப்பிடும் வேலை. யாரோ எங்கோ தேடிய சொற்கள் திரையின் உச்சியில் வரும். அவற்றுக்குத் தேடுபொறி பொறுக்கிக் கொடுத்த படங்கள் கீழே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பொருத்தம், ஓரளவு, பொருத்தமில்லை என்று குறி போட வேண்டும். ‘ஆறு’ என்று தேடினால் பாதி தண்ணீராகவும் பாதி எண்ணாகவும் வரும். வீடியோ என்றால் முழுசாகப் பார்க்க வேண்டும். ‘குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி’ என்ற வீடியோவில் குழந்தை கடைசி வரை முழித்திருந்தது, படக்காரி தூங்கிப்போனாள். எழுந்ததும் மனசாட்சிக்குப் பயந்து ‘பொருத்தம்’ என்று போட்டாள்.

ஒரே படங்களை மூன்று பேருக்கு அனுப்புவார்கள். மற்ற இருவரோடு ஒத்துப்போனால் மதிப்பெண் ஏறும்; எண்பதுக்குக் கீழே போனால் வேலை போய்விடும். நாலு வருஷமாக அவள் எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கியதில்லை. இந்த மாதம் வந்ததே கொஞ்சம் வேலை, அதில் ஒரே ஒரு தேடல் காலை வாரிவிட்டது. இன்று காலை திரையில் எழுபத்தெட்டு.

‘வீட்டில் சும்மா இருக்கும் அம்மா.’ அதுதான் தேடல். பத்துப் படங்கள். ஒருத்தி துணி அலசுகிறாள், ஒருத்தி குழந்தைக்குத் தலை துவட்டுகிறாள், ஒருத்தி ஏணியில் ஏறி ஒட்டடை அடிக்கிறாள். படக்காரி பத்துக்கும் ‘பொருத்தமில்லை’ என்று போட்டிருந்தாள். மற்ற இருவரும் பத்துக்கும் ‘பொருத்தம்’.

தவறு என்று ஒப்புக்கொண்டால் வேறு படங்கள் கொடுத்து மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ள விடுவார்கள். மறுத்து எழுதி, அது எடுபடாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். மாலை ஐந்து மணி வரை நேரம்.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கும் மகள் மதியம் சாப்பிட வந்தாள். இந்த வேலையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவளே அவள்தான்.

“அம்மா, வேலைக்குப் போகாத அம்மாவைத்தான் அப்படிச் சொல்லுவாங்க. தேடுனவங்க மனசுல என்ன இருக்குன்னு பாக்கணும்னு நீதானே சொல்லுவே?”

“ஏணி மேல நிக்கிறாடி. கால் வழுக்குனா இடுப்பு போயிடும். இவளா சும்மா இருக்கா?”

“எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க. ‘ஒப்புக்கிறேன்’னு அமுக்கிட்டுப் போவியா. ஒரு வார்த்தைக்காகவா வேலையை விடுவாங்க?”

“வார்த்தைக்கும் படத்துக்கும் ஒத்துப்போகுதான்னு பாக்கத்தானேடி என்னை வச்சிருக்காங்க?”

வாய்தான் அப்படிச் சொன்னது. மகள் பேச்சிலும் நியாயம் இருந்தது, அதுதான் உறுத்தியது. படக்காரி நாற்காலியோடு திரும்பினாள்.

“ஏங்க, வீட்ல சும்மா இருக்கிற அம்மா படம் ஒண்ணு வேணும்னா எதை எடுத்துக் கொடுப்பீங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “எங்கம்மா படந்தான். அவங்க எந்த வேலைக்குப் போனாங்க?”

பீரோவிலிருந்து ஆல்பம் வந்தது. முதல் படத்தில் அவருடைய அம்மா தையல் மெஷின் முன்னால். “இது வேண்டாம்” என்று புரட்டினார். அடுத்ததில் இடுப்பில் குடம். அதற்கடுத்ததில் ஒரு கையில் துடைப்பம், மறு கையில் அவர். பதினாறு பக்கம் தள்ளி, ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று அகப்பட்டது.

“இந்தா, சும்மா இருக்காங்க பாரு.”

மகள் எட்டிப் பார்த்தாள். “ஓரத்துல நிக்கிறது நீங்கதானேப்பா? உங்க காதைப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்களே.”

“அசையாம நிக்கச் சொன்னாரு போட்டோக்காரரு. நான் நிக்கலை” என்றார் அவர், ரொம்ப அடக்கமாக.

படக்காரி சிரித்து முடித்துவிட்டுத் தட்டச்சு செய்தாள்:

‘இப்படித் தேடுகிறவர்கள் இரண்டு வகை. வேலைக்குப் போகாத அம்மாவைக் கேட்பவர் ஒருவர். ஓய்வாக இருக்கும் அம்மாவைக் கேட்பவர் இன்னொருவர். முதல் ஆளுக்குப் பத்துப் படம் வந்திருக்கிறது, அடுத்த ஆளுக்கு ஒன்றுகூட இல்லை. நான் ‘பொருத்தமில்லை’ என்று போட்டது தவறு. ‘ஓரளவு’ என்று போட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் ‘பொருத்தம்’ என்று போட்டதும் தவறு.’

“பாதி ஒப்புக்கிறே, பாதி சண்டை போடுறே. இதுக்கு அதுல பொத்தானே கிடையாதேம்மா” என்றாள் மகள், செருப்பை மாட்டிக்கொண்டே.

“அதான் எழுதுறேன்.”

நாலேமுக்காலுக்குப் பதில் வந்தது. அந்தத் தேடலை மூன்று பேர் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் எண்பத்தாறு. படக்காரி இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை வீட்டுக்காரர் அவள் தோளுக்கு மேலே குனிந்து சத்தமாகப் படித்தார். பிறகு தாடையைச் சொறிந்தார்.

“வேலைக்குப் போகாதவங்க ஒரு வகை, ஓய்வா இருக்கிறவங்க ஒரு வகை. நல்லாத்தான் பிரிச்சிருக்கே. ரெண்டு வருஷமா நானுந்தான் வீட்ல இருக்கேன். ‘வீட்டில் சும்மா இருக்கும் அப்பா’ன்னு யாராவது தேடி, என் படம் வந்துச்சுன்னா நீ என்ன குறி போடுவே?”

படக்காரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள், படத்தைப் பார்க்கிற மாதிரியே. பிறகு சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, “ஓரளவு” என்று சொல்லி, அவர் மடித்து வைத்த சட்டையை எடுத்துத் திரும்ப மடித்தாள்.