முதுகில் இரண்டு வெள்ளைத் திட்டுகள்

ஊரில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். என் காதுபடவே சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. மிளகு விற்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் எல்லோரையும் நம்பினால் பிழைக்க முடியாது. பேளுக்குறிச்சி சந்தைக்கு மூட்டையைக் கொண்டுபோனால், தராசில் ஏற்றிய உடனேயே வியாபாரி, "சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சுக்கலாமுங்க" என்பார். கையில் தூக்கினாலே தெரியும், அது அரைக் கிலோகூடத் தேறாது. நான் மிளகைத் தார்ப்பாயில் கொட்டி, வெறும் சாக்கைத் தராசில் போட்டுக் காட்டிய பிறகுதான் அடுத்த பேச்சு. பின்னால் நிற்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

இப்பேர்ப்பட்டவள் கையில் ஒரு குதிரை வந்து சேர்ந்தது.

எங்கள் மலையில், குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கு மேலே ஒரு சின்ன ஊர். நாலைந்து வருஷத்துக்கு முன்புவரை அதற்கு ரோடு கிடையாது. மிளகும் காப்பிக்கொட்டையும் மட்டக் குதிரை முதுகில்தான் இறங்கி வரும். ரோடு போட்டு ஆட்டோ ஏறியதும் குதிரைக்கு வேலை போயிற்று. அப்படி நின்றுபோன ஒரு பெட்டைக் குதிரையை வாங்கலாம் என்று யோசனை சொன்னவன் என் கொழுந்தன். வீட்டுக்காரரின் தம்பி, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தான்.

"வியூ பாயின்ட்டுக்கு வர்றவங்கள ஏத்தி ஒரு சுத்து சுத்திக் காட்டலாமுங்க அண்ணி. சாதுவான சீவனுங்க" என்றான்.

குதிரை செம்மண் நிறம், நெஞ்சுயரம்தான் இருக்கும். வாங்கியபோது அதன் முதுகில் வைக்கோல் அடைத்த ஒரு மெத்தைதான் கிடந்தது. அதைப் பார்த்து யார் ஏறுவார்கள்? சேணம் வாங்க நானே அடிவாரத்து டவுனுக்கு இறங்கிப் போனேன். அங்கே ஒரு பாயின் கடையில் மாப்பிள்ளை ஊர்வலக் குதிரைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் கிடைக்கும். சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் பித்தளைத் தகடு, முன்னும் பின்னும் வளைந்த கைப்பிடி, சலங்கை என்று ஒரு சேணம் கண்ணைப் பறித்தது. பாய் தயங்கினார்.

"அது பெரிய குதிரைக்கு உள்ளதும்மா. ஒரு மணி நேரம் ஊர்வலம் போய்ட்டு எறக்கி வெச்சிருவாங்க. உங்களுக்கு நான் வேற காட்டுறேன்" என்றார்.

எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. இதை வேறு யாருக்கோ பேசி வைத்துவிட்டு, விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. அதேதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன். கடைப் பையன்கள் இரண்டு பேர் பிடித்து அதைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பேர் எதற்கு என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

சேணத்துக்குத் தனி மவுசு வந்தது. ஏறாதவர்கள்கூடப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். "இந்தச் சேணம் இல்லாம ஒருத்தரையும் ஏத்தக் கூடாது" என்று கொழுந்தனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் மாதம் முதுகில் புண் வந்தது. பிடரி முடிகிற இடத்துக்குப் பின்னால், முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து வீங்கியிருந்தது. நான் கை வைத்ததும் குதிரை அப்படியே முதுகைத் தாழ்த்தி என் கைக்கு அடியிலிருந்து நழுவியது. அடுத்த கணமே கொழுந்தன் முகத்தைத்தான் பார்த்தேன்.

"எத்தனை பேரு ஏறுனாங்க?"

"சின்னப் புள்ளைங்கதானுங்க அண்ணி. பெரியவங்க ஏறுனாலும் ஒல்லியாப் பாத்துத்தான் ஏத்துறேன்."

"அப்பறம் எப்படிப் புண்ணு வரும்?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுங்களே, பாத்தீங்களா? சேணத்த மாத்திப் பாக்கலாமுங்களா?"

ஆள் பேரைச் சொல்லாமல் சேணத்தின் மேல் பழி போடுகிறான் என்று முடிவு கட்டினேன். சனி, ஞாயிறுகளில் டவுனிலிருந்து கார்களில் வருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இறங்கும்போதே கார் ஒரு சாண் மேலே எழும்பும். அப்படி ஒருவர் கெஞ்சிக் கேட்டால் இவன் மாட்டேன் என்றா சொல்லியிருப்பான்?

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்தார். குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்து அளந்து, ஏதோ கணக்குப் போட்டு, இருநூறு கிலோ வரும் என்றார். "அஞ்சுல ஒரு பங்குக்கு மேல முதுகுல ஏறக் கூடாதும்மா. நாப்பது கிலோன்னு வெச்சுக்கங்க. அதுக்கு மேல போனா முதுகு மட்டுமில்ல, காலும் போயிரும். அப்பறம் இது எந்திரிக்காது." களிம்பு கொடுத்து, ஆறும்வரை எதையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கோ கன்று போட முடியாமல் தவிக்கிற பசுவைப் பார்க்க ஓடிவிட்டார்.

அப்பறம் இது எந்திரிக்காது. அந்த வார்த்தை என்னை விடவில்லை. என் கை பட்டால் உப்புக் கேட்டு நக்குகிற சீவன் அது.

புண் ஆறியதும் மிளகு நிறுக்கிற தராசை வியூ பாயின்ட்டுக்கே கொண்டுபோய்ச் சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தேன். ஏற வேண்டும் என்றால் முதலில் தராசில் ஏற வேண்டும். சனி, ஞாயிறுகளில் நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றுவார்கள், செல்போனை மனைவி கையில் கொடுப்பார்கள், மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுப்பார்கள். முள் எதற்கும் மசியாது. ஒரு அம்மாள், "எங்க வீட்டு டாக்டர்கூட இத்தனை கெடுபிடி பண்ணலை" என்று கோபித்துக்கொண்டு போனார். நாற்பதுக்கு மேல் நூறு கிராம் என்றாலும் நான் ஏற்றவில்லை. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்தான் ஏறினார்கள்.

அப்படியும் அதே இடத்தில் மறுபடி மயிர் உதிர ஆரம்பித்தது. நான் உட்காரும் நாளில் தப்பு நடக்க வழியில்லை. நடந்தால் வார நாட்களில்தான் நடக்க வேண்டும். அன்றைக்குக் கொழுந்தன் மட்டும்தானே இருக்கிறான்?

ஒரு புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வியூ பாயின்ட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி வந்தேன். குதிரை முதுகில் சேணம் இல்லை. அது பாறைமேல் கிடந்தது. முதுகில் மடித்த சாக்கு மட்டும். கொழுந்தன் புல் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று. ஓடிப்போய்ச் சேணத்தைத் தூக்கி வந்து அவசரமாகக் கட்டினான்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். சேணத்துக்குள் அடங்காத ஒரு தடியனை ஏற்றியிருக்கிறான், அதற்குத்தான் சேணத்தைக் கழற்றியிருக்கிறான். வேறு எதற்குக் கழற்ற வேண்டும்?

"எதுக்குடா அவுத்த?"

"சும்மாதானுங்க அண்ணி. காத்தாடட்டும்னு."

சும்மா என்ற சொல்லை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் முன்னால் வைத்துக் கேட்டேன். "நான் சொன்னதுக்கு மாறா எதையும் செய்யலைன்னு கோயில்ல வந்து சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. நான் நம்பறேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய் சொல்ல எங்கள் பக்கம் யாருக்கும் துணிச்சல் வராது.

"சூடம் அணைக்க மாட்டேனுங்க அண்ணி" என்றான்.

"பாத்தீங்களா!" என்று வீட்டுக்காரரிடம் திரும்பினேன். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே அவன் போர்வெல் போடுகிற ரிக் லாரியில் ஏறி வடக்கே போய்விட்டான். கிளம்பும்போது, "வாரேனுங்க அண்ணி, குதுரையப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னான்.

குதிரைக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுத்தேன். பிறகு வாரம் முழுக்க நானே கூட்டிப்போனேன். சேணத்தை நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முதுகில் ஏற்றுவோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்து ஏற்றினேன். பத்தே நாளில் புண் வாய் திறந்துவிட்டது. முன்னைவிட மோசம், சீழ் கட்டியிருந்தது. குதிரை பின்னங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது.

இப்போது யாரைச் சந்தேகப்படுவது? வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். எண்பது கிலோ மனிதர், காலையில் குதிரையை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகிறவர். அவருடைய வேட்டியை வெளிச்சத்தில் விரித்துச் செம்மண் நிற மயிர் ஒட்டியிருக்கிறதா என்று தேடினேன். அவர் பார்த்துவிட்டார்.

"அடுத்தது நானுங்களா?" என்றார். எனக்கு மரியாதை கொடுத்து அவர் பேசினால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வாரம் பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு கொண்டுபோனேன். வியாபாரி வழக்கம்போல ஒரு கிலோ கழிக்க வந்தார். நானும் வழக்கம்போலச் சண்டைக்குப் போனேன். மனுஷன் அலுத்துப்போய், "ஏனுங்க, நீங்க எடைக்குச் சண்டை புடிக்கறது சரிங்க. ஆனா சாக்கும் மூட்டையோடதானுங்க தராசுல ஏறுது. அதுக்கு எடை இல்லாமப் போயிருமா?" என்றார்.

நான் சாக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி நிறுத்தேன். அவர்கள் தராசிலிருந்து இறங்கி எதன்மேல் உட்கார்ந்தார்கள்? மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னது, குதிரை முதுகில் ஏறுவது மொத்தம் நாற்பது கிலோ என்று. மனுஷர் நாற்பது கிலோ என்று அவர் சொல்லவே இல்லை.

அன்றைக்கு முதல்முறையாக அந்த வியாபாரி கேட்ட ஒரு கிலோவைக் கழித்துக்கொள்ள விட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து சேணத்தை இழுத்து, புண் வந்ததும் வீட்டுக்கே கொண்டுவந்திருந்த தராசில் போட்டேன். முப்பத்தோரு கிலோ. வெல்வெட்டைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, உள்ளங்கை அகலம். குதிரையின் முதுகில் இருந்த புண்ணுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. முப்பத்தெட்டுக் கிலோப் பிள்ளை என்று சந்தோஷமாக ஏற்றினேனே, அந்த முதுகு அன்றெல்லாம் சுமந்தது அறுபத்தொன்பது கிலோ. தொழுவத்துச் சுவரில் சாய்ந்து அழுதேன். குதிரை வழக்கம்போல என் கையை நக்க வந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். பின்னால் ரிக் ஓடுகிற இரைச்சல். கூட வேலை செய்கிற ஆட்கள் கத்துகிற சத்தத்துக்கு நடுவில், சேணம் முப்பத்தோரு கிலோ என்று உரக்கச் சொன்னேன். அவன் கொஞ்சம் தள்ளி வந்து பேசினான்.

"தெரியுமுங்க அண்ணி."

"தெரியுமா?"

"நெதமும் தூக்குனவன் நானில்லீங்களா? மொதப் புண்ணு ஆறுனதுக்கப்பறம், நீங்க வராத நாள்ல நான் சேணமே போடலீங்க. சாக்க மடிச்சுப் போட்டுத்தான் புள்ளைங்கள ஏத்துனேன். போட்டோவுக்கு மட்டும் பாறை மேல வெச்சுக் காட்டுவேன். சேணம் இல்லாம ஏத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்கல்ல? சொன்னதுக்கு மாறா எதையும் செய்யலைன்னு எப்படிங்க சூடம் அணைக்கறது?"

அந்தப் புதன்கிழமை நான் கண்ணால் கண்டது குதிரையின் முதுகு காப்பாற்றப்பட்ட ஒரு நாளை. என்னைக் கண்டு பயந்துதான் அவன் மறுபடி அந்தச் சேணத்தைக் கட்டினான். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. "சாப்புட்டியா சாமி?" என்றுதான் கேட்டேன். அவன் சாப்பிட்டேன் என்றான். பிறகு, "கால் எப்படி வெக்குதுங்க?" என்று குதிரையைப் பற்றிக் கேட்டான்.

கால் தேறிவிட்டது. புண் ஆற நாலு மாதம் பிடித்தது. இனி அதன்மேல் யாரும் ஏறப் போவதில்லை. அரியூர் நாட்டுப் பக்கம் கிழங்குக் காட்டு ஓரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் புல்தரை இருக்கிறது, அங்கே மேய்கிறது. புண் இருந்த இடத்தில் மறுபடி முளைத்த மயிர் செம்மண் நிறத்தில் வரவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளையாக முளைத்திருக்கிறது. ரோட்டில் போகிறவர்கள் காரை நிறுத்திப் பார்ப்பார்கள்.

போன வாரம் ஒரு பெண் இறங்கி வந்தாள். திட்டுகளைப் பார்த்தாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், இத்தனை வருஷமாக நான் அடுத்தவர்களைப் பார்த்த பார்வை.

"வெயிட்டான ஆளுங்கள ஏத்தினாத்தான் இப்படி வரும். யாரை ஏத்தினீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் குதிரையின் மேல் நான் ஒரு நாளும் ஏறியதில்லை.

"நான்தானுங்க ஏறுனேன்" என்றேன்.