முதுகில் வைத்த கை

இது கட்டுக்கதை இல்லை. எனக்கு நடந்தது. கட்டுவதாக இருந்தால் என்னைக் கொஞ்சம் ஒல்லியாகவாவது கட்டியிருப்பேன். நடந்தது நடுராத்திரியிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறே முக்காலுக்கு, பளிச்சென்ற வெளிச்சத்தில். அதனால்தான் எனக்கு இன்னும் பயம் போகவில்லை. இருட்டில் நடந்திருந்தால் விளக்கைப் போட்டுத் தப்பித்திருப்பேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணைப் பார்க்கிற பிழைப்பு. தொப்பை தானாக வந்தது. அதைக் கரைக்க ஞாயிறுதோறும் சைக்கிள். என் மனைவியின் தம்பி, அவனுடைய சிநேகிதரான பல் டாக்டர், நான் என்று மூன்று பேர். டாக்டர் முன்னால், மச்சான் நடுவில், நான் கடைசியில். இந்த வரிசையை யாரும் போடவில்லை. என் தொப்பை போட்டது.

ஊர் எல்லையில் தண்ணீர்த் தொட்டி மேடு. ஒரு கிலோமீட்டர் ஏற்றம். உச்சியில் தொட்டி. அந்தப் பக்கம் செங்குத்தான இறக்கம். நேராகப் போய், லாரிகள் பறக்கிற பெரிய ரோட்டில் முட்டும். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் இறங்குவதில்லை. தொட்டியோடு திரும்பிவிடுவோம்.

முதல் ஞாயிறு, ஏற்றத்தின் பாதியில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அப்போது முதுகில் ஒரு கை. இதமாகத் தள்ளியது. நன்றாக ஓட்டுகிறவர்கள், திணறுகிறவரை மேட்டில் இப்படித் தள்ளிவிடுவது உண்டு. முன்னால் போன டாக்டர் எனக்காகத் திரும்பி வந்திருக்கிறார், தங்கமான மனசு என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்து, ஹேண்டில்பாரும் கூடவே திரும்பி, சாக்கடையில் இறங்கியவன் நான்.

"தேங்க்ஸ் டாக்டர்" என்றேன்.

அடுத்த ஞாயிறும் அதே இடத்தில், அதே கை. மூன்றாவது ஞாயிறுதான் சந்தேகம் வந்தது. டாக்டர் எப்போதும் கையுறை போட்டிருப்பார். இது வெறும் கை. வியர்வையில் ஊறிய சட்டைக்கு மேலேயே ஜில்லென்று இருந்தது. தவிர, அவர் சைக்கிளின் பின்சக்கரம் டிக்டிக்கென்று சத்தம் போடும். என் பின்னால் சத்தமே இல்லை. மேலே போய்ப் பார்த்தால், டாக்டர் காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் மச்சான். என் செருப்பை ஒளித்துவைத்து விளையாடுகிற ஆள்.

"என்னடா, பின்னாடி வந்து என்னைத் தள்றியா?"

"நானா? உங்களைத் தள்ளணும்னா கிரேன் வேணும் அத்தான்" என்று சிரித்தான். தேவைக்கு அதிகமாகச் சிரித்தான். இவன்தான் என்று முடிவு கட்டினேன்.

கையும் களவுமாகப் பிடிக்க, நான்காவது வாரம் ஹேண்டில்பாரில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை மாட்டினேன். திரும்பாமலே பின்னால் பார்க்கலாம். அன்றைக்கு என் மகளும் வந்தாள். பதினைந்து வயது. மூன்று வாரமாக நச்சரித்து, அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தாள். "அவ பின்னாலேயே போங்க. அவமேல இருந்து கண்ணை எடுக்கக் கூடாது" என்றாள் என் மனைவி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு. அந்தப் பார்வையில் எனக்கும் சேர்த்து ஒரு துணை அனுப்பலாமா என்கிற யோசனை தெரிந்தது.

6.38. ஏற்றம் தொடங்கியது. டாக்டரும் மச்சானும் மேலே போய்விட்டார்கள். மகள் எனக்கு முப்பது அடி முன்னால், சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தாள்.

6.42. முதுகில் கை.

மாட்டினாயா மச்சான் என்று கண்ணாடியைப் பார்த்தேன்.

ரோடு.

வெறும் ரோடு... இரண்டு பக்கமும் புல். அவ்வளவுதான்.

கண்ணாடியை அசைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். யாரும் இல்லை.

கை மட்டும் முதுகில் இருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பிறகு... கை விலகியது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. முன்னால் தள்ளாடிக்கொண்டிருந்த என் மகள் சட்டென்று வேகம் எடுத்தாள். திரும்பாமலே கத்தினாள்.

"தேங்க்ஸ்ப்பா!"

நான் முப்பது அடி பின்னால் இருந்தேன்.

மிதித்தேன். வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. தொட்டி வந்தது. அவள் நிற்கவில்லை. "பாப்பா! நில்லு!" என்று மச்சான் கத்துவது கேட்டது. அவள் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள்.

"அப்பா, போதும்!"

6.47. கீழே லாரி ஹாரன்.

"விடுப்பா... விடு!"

அவள் பிரேக் கீச்சிட்டது. நீளமாக... கீ...ச்...

சத்தம் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை.

"குதி! மண்ணுல குதி!" பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்த நான் கத்தினேன்.

ரோட்டோரத்தில் ஒரு மணல் குவியல். குதித்தாள்.

சைக்கிள் மட்டும் போனது.

லாரி அதன்மேல் ஏறியது.

மகளை நான் தூக்கியபோது அவள் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. உயிர் இருந்தது, எலும்பு உடையவில்லை. யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்த மணலுக்கு நான் கும்பிடு போட்டேன். அவள் என்னைப் பிடித்துத் தள்ளினாள். "எத்தனை தடவை விடுன்னு சொன்னேன்!"

டாக்டரும் மச்சானும் ஓடி வந்தார்கள். மச்சான் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்தான். நான் டாக்டரைத் தனியாக இழுத்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க. ஏத்தத்துல என்னைத் தள்ளினது நீங்கதானே?"

அவர் முகம் மாறியது. "நான் யாரையும் தள்ளினதில்லைங்க. என் முதுகுல கை வெக்கிறது உங்க மச்சான்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்?"

மச்சான் இந்த முறை சிரிக்கவில்லை. "என்னையும் தள்ளுச்சு. நான் அத்தான்னு நினைச்சேன். இவரால எப்படி இவ்வளவு வேகமா வர முடியுதுன்னு... கேட்டா கஷ்டப்படுவாரேன்னு கேக்கல."

மரியாதை பார்த்துப் பார்த்து, மூன்று பேரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறோம். ஆனால் எங்களையெல்லாம் அது தொட்டியோடு விட்டுவிட்டது. அவளை மட்டும் ஏன் விடவில்லை?

சாயங்காலம் ஐந்தரைக்கு, மகள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. மருந்து போடப் போனேன்.

"ஏம்ப்பா அப்படிப் பண்ண?"

நான் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் யார் என்பது. அப்பாமேல் கோபத்தோடு தூங்கிவிடுவாள். அந்தப் பதிலோடு எப்படித் தூங்குவாள்?

"விளையாட்டா தள்ளினேன். மன்னிச்சுடு பாப்பா."

தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக்குல இருந்து என் விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டதும் நீதானா?"

இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது.

"ஆமா."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"பொய் சொல்லாதப்பா... அப்ப ரெண்டு கையும் என் முதுகுலதான் இருந்துச்சு."