கதவின் நிறம் கேட்டவன் நான்

அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கண்டி டவுனில் பெயிண்ட் கடை போட்டேன், அம்பிட்டியவில் மாடி வீடு கட்டினேன். சிபாரிசுக்கு யார் வாசலிலும் நின்றதில்லை.

என்னையே திணறடித்தவர் ஒரு மெலிந்த, சவரம் செய்யாத மனிதர். தெல்தெனியவில் அவர் வீடு புது அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிப் போய்விட்டது. குண்டசாலையில் கட்டின புது வீட்டில் அவர் மனைவி மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். "வீட்டுக்குப் போகலாம்" என்று மட்டும் சொல்கிறாராம். மூழ்கும் முன் பழைய சுவரில் பெயர்த்த காரைத் துண்டை அவர் காட்டினார். தூசி படிந்த மாதிரி மங்கின ரோசா.

"இதே நிறம் வேணும் முதலாளி. இல்லாட்டி அவ பொழைக்க மாட்டா."

மூன்று தரம் கலக்கினேன். ஒவ்வொன்றையும் அட்டையில் தடவி, காய ஊதி ஊதிப் பார்த்து வாங்கிப் போவார். சுவரில் அடித்தால் பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்குதென்று திரும்பி வருவார். நாலாம் தரம் அழுதார்.

"கதவு என்ன நிறம்?" என்றேன்.

"புதுசு, வெள்ளை."

"பழைய வீட்டுல?"

காரைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுப்புப் புகையில சாம்பலாப் போயிருந்திச்சு."

வெள்ளைக் கதவு பக்கத்தில் நின்றால் எந்த ரோசாவும் பளிச்சென்றுதான் தெரியும். சுவரை விட்டுவிட்டு, கதவுக்குச் சாம்பல் நிறம் கலந்து கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து கடை வாசலில் நின்றபடியே, "அவ சோறு கேட்டா முதலாளி" என்றார். அவர் பெயரை நான் கேட்கவில்லை.

அந்தக் காரைத் துண்டுதான் அவர் மனைவியைக் காப்பாற்றியது என்று குண்டசாலையில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். கதவைப் பற்றிக் கேட்டது நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.