கேமராவில் வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் ஊரில் புது மண்வெட்டி வாங்கினால்கூடச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்துத்தான் மண்ணில் இறக்குவார்கள். அப்படியிருக்க, மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றை நான் கடலாடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மிளகாய்க் காட்டுக்கே கொண்டுவந்தால் சும்மா விடுவார்களா? அம்மா காலையிலேயே தாம்பாளத்தோடு தயாராக இருந்தாள்.

நான் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் அந்த ட்ரோனுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். மேப்பில் காட்டைக் குறித்துக் கொடுத்துவிட்டால் போதும், தானே கிளம்பி, தானே தெளித்து, தானே திரும்பும். மருந்து கடல்காற்றில் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதால் தாழத்தான் பறக்கும். வழியில் ஆள் நின்றால் முன்னால் இருக்கும் கேமரா பார்த்து நிறுத்த வேண்டும்.

அந்தக் கேமராவுக்காக நான் ஒரு விதி எழுதியிருந்தேன். முன்னால் என்ன இருக்கிறது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் ட்ரோன் கிளம்பக் கூடாது. 'ஒன்றும் இல்லை' என்பது வேறு, 'எனக்குத் தெரியவில்லை' என்பது வேறு. இந்த வித்தியாசம் மனுஷர்கள் பலருக்கே பிடிபடுவதில்லை, மெஷினுக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

எங்கள் டீம் தலைவருக்கு அந்த விதி வேப்பங்காய். லேசாகத் தூசி பட்டாலே ட்ரோன் முரண்டு பிடிக்கிறது, இப்படி இருந்தால் யார் வாங்குவார்கள் என்பது அவர் கட்சி. "உங்க ஊர்லயும் தேவையில்லாம நின்னுச்சுன்னா அதை எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் கூடவே வண்டியேறினார். அதை எடுத்தால் என்றைக்காவது ஒரு ஆள் அடிபடுவார் என்று எனக்குப் பயம். ராத்திரி முழுக்க ரயிலில் நான் தூங்கவே இல்லை.

கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து முடித்ததும் பாதி ஊர் வந்து சுற்றி நின்றது. டேங்கில் வெறும் தண்ணீர்தான். பட்டனைத் தட்டினேன். ட்ரோன் அசையவில்லை. 'முன் கேமரா தெளிவாக இல்லை' என்று திரையில் சிவப்பெழுத்து வந்தது.

"கோழிகூடக் கூரை வரைக்கும் பறக்கும். இது அதுக்கும் ஆகாது போலயே" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

தலைவர் பக்கத்தில் வந்தார். "பாத்தீங்களா? தூசிதான். விதிய ஆஃப் பண்ணிட்டுப் பறக்க விடுங்க."

"ஆஃப் பண்ண மாட்டேன் சார். முதல்ல என்னன்னு பாக்குறேன்." வெடுக்கென்றுதான் சொன்னேன். என் வாய் அப்படி.

போய்க் குனிந்து பார்த்தேன். கேமராக் கண்ணாடி முழுக்கச் சந்தனம், நட்டநடுவில் குங்குமம். அம்மாவின் கைவேலை. முன்பக்கம் இருக்கிறதே, அதுதான் நெற்றி என்று நினைத்திருக்கிறாள்.

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ தலைகால் புரியாத சந்தோஷம். ஆபீசில் கேமரா முன்னால் அட்டையைப் பிடித்தோம், மாவைத் தூவினோம், சேற்றைப் பூசினோம். பொட்டு வைப்பார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அம்மா ஒரே விரலில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

"சார், இதை அழிக்க வேண்டாம். அந்த விதி இல்லாத பழைய சாஃப்ட்வேரப் போட்டுப் பறக்க விடுவோம். நீங்களே பாருங்க."

சனங்களையெல்லாம் ரோட்டுக்கு அனுப்பினேன். காட்டுக்குள் யாரும் இல்லை என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்தேன். மிச்சம் இருந்தது வரப்பில் நட்ட திருஷ்டிப் பொம்மை மட்டும். வைக்கோல் உடம்பு, மண்சட்டித் தலை, மேலே அய்யாவின், அதாவது என் அப்பாவின், பழைய கட்டம் போட்ட சட்டை. செடி பார்க்க வந்தால் அய்யா வழக்கமாக நிற்பதும் அந்த வரப்பில்தான்.

பழைய சாஃப்ட்வேர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ட்ரோன் விர்ரென்று எழும்பியதும் சித்தப்பாவே கைதட்டினார். திரையில் 'வழியில் தடை இல்லை' என்று பச்சையெழுத்து. நேராகப் போனது, கொஞ்சமும் வேகம் குறையாமல் பொம்மையின் மேல் மோதியது. சட்டி சிதறியது. இறக்கைகள் சட்டையைச் சுருட்டி இழுத்துக் கிழிக்க, எல்லாம் ஒன்றாக வரப்போரம் விழுந்தன. திரையில் அப்போதும் பச்சையெழுத்துதான் இருந்தது.

கைதட்டல் நின்றுவிட்டது. எனக்கோ, பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று அத்தனை பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சட்டையை எடுத்துவந்தேன்.

அய்யா அதை வாங்கி, தன் மேல் வைத்து அளவு பார்ப்பதுபோல் பிடித்தார். கிழிசல் நெஞ்சுக்கு நேரே இருந்தது. அம்மா வெடுக்கென்று அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கேமராவுல பொட்டு வைக்காதீங்கன்னு வாங்குறவங்ககிட்டச் சொல்லிடலாம்" என்றார் தலைவர். குரலில் பழைய வீறாப்பு இல்லை.

"சொன்னா மட்டும் வைக்காம இருந்திருவமா?" என்றாள் அம்மா. "நல்ல நாள் வந்தா கை தானா போயிரும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, நான் மறந்துபோயி வச்சாலும் அது கிளம்பக் கூடாது. அப்படிப் பண்ணிரு."

"அப்படித்தாம்மா பண்ணி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தலைவரைப் பார்த்தேன்.

அவர் கிழிந்த சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த விதி இருக்கட்டும். எடுக்க வேண்டாம்" என்றார்.