மூச்சுவிடும் ஆழ்துளை

கிருபாபாய் எதையும் சும்மா விடுகிறவள் அல்ல என்பது ராமகுப்பத்தைச் சுற்றியுள்ள நாலு ஊருக்கும் தெரியும். மிஷன் பள்ளியில் ஐந்தாவது படிக்கும்போது, பட்டுக்கூட்டுக்குள் புழு என்னதான் செய்கிறது என்று பார்க்க, விற்பனைக்கு வைத்திருந்த கூடுகளில் ஒரு கைப்பிடியை எடுத்து பிளேடால் அறுத்துப் பார்த்தாள். பெற்ற நைனாவிடம் அடி விழுந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில், "பரலோகத்துல பூச்சி புழுவெல்லாம் இருக்குமா ஐயரே?" என்று சபைப் போதகரான ஐயரை மடக்கினாள். யோசித்துச் சொல்வதாக அவர் சொன்னார். மாற்றலாகிப் போகும்வரை சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கணவன் மாசிலாமணி அதிகம் பேசாத மனிதன். மகள் ஹன்னா திருப்பதியில் நர்சிங் படிக்கிறாள். நிலம் கொஞ்சம்தான். பாதிக்கு மேல் மல்பெரி, மீதியில் கேழ்வரகும் தக்காளியும். இரண்டு கறவை மாடு, ஒரு நாய், வீட்டை ஒட்டிப் பட்டுப்புழு வளர்க்கத் தகரக் கூரை போட்ட புழுவீடு.

நிலத்தின் மேற்கு மூலையில் ஒரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருந்தது. சில வருஷங்களுக்கு முன் மாசிலாமணி ஆசை ஆசையாகப் போட்டது. போர் வண்டிக்காரர்கள் துளைத்துக்கொண்டே போனார்கள். வெள்ளைப் புழுதிதான் பறந்தது, ஒரு குடம் தண்ணீர் வரவில்லை. குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூடி, அதன்மேல் ஒரு பலகைக் கல்லையும் தூக்கி வைத்துவிட்டு வந்தவன், அப்புறம் அந்தப் பக்கம் கால் வைப்பதையே நிறுத்திக்கொண்டான். மேற்கு மூலையில் தழை அறுக்க வேண்டுமானால் கிருபாபாய்தான் போக வேண்டும்.

அந்த வருஷம் தை மாதத்துக் குளிர் பொங்கல் கழிந்தும் விடவில்லை. விடிகிற நேரத்தில் பத்தடி தள்ளி நிற்கிற மாடு தெரியாது. அப்படிப்பட்ட ஒரு காலையில் பால் கறந்துவிட்டு நிமிர்ந்தபோது, கொட்டகைக்குள் வைக்கோலில் சுருண்டு கிடக்கும் நாயைக் காணோம். கூப்பிட்டாள். வரவில்லை. தேடிப் போனால், மேற்கு மூலையில் போர்க் கல்லை அணைத்துக்கொண்டு படுத்திருந்தது. அடுத்த நாளும் அங்கேதான்.

கதகதப்பான வைக்கோலை விட்டுவிட்டு நாய் ஏன் கல்லைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும்? கிருபாபாய் பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். வயலெல்லாம் பனியில் நனைந்து கிடக்க, கல்லைச் சுற்றி ஒரு முழத்துக்குப் புல் காய்ந்திருந்தது. கல்லை லேசாக நகர்த்தினாள். தகட்டில் துருப்பிடித்து விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மாட்டின் மூக்கருகே கை வைத்தாற்போல வெதுவெதுப்பான காற்று உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது.

காலைச் சாப்பாட்டை முடித்து, மாட்டைக் கட்டிவிட்டு, வெயில் ஏறியதும் மறுபடி போனாள். இப்போது காற்று வரவில்லை. ஓட்டையை மூடினாற்போல ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தூர எறியாமல், ஓட்டைக்கு மேலே பிடித்து விட்டாள். இலை சட்டென்று போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி எடுத்துவிட்டாள். மறுபடி ஒட்டிக்கொண்டது. காலையில் ஊதிய போர் இப்போது இழுத்தது.

"ஏமே கிருபா, போருகிட்ட குந்திகினு இன்னா பண்ற?"

வரப்பின் மேல் சந்திரம்மா நின்றிருந்தாள். பக்கத்து நிலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, வயலில் பாதித் தமிழ். அவளும் புழு வளர்க்கிறவள்.

"இங்க வா சந்திரக்கா. கைய வெச்சுப் பாரு. மூச்சு உடுது."

சந்திரம்மா கையை வைக்கவில்லை. தலையில் வைத்திருந்த புல்கட்டோடு இரண்டடி பின்னால் போனாள். "அய்யோ தேவுடா! உள்ள இன்னா கீதோ. மூடுமே கல்ல!"

"உள்ள இன்னா கீதுன்னுதான் நானும் கேக்கறேன்."

அன்று சாயங்காலம் பிளாஸ்டிக் பையிலிருந்து மெல்லிய நாடாவாக ஒன்றைக் கிழித்து, ஒரு குச்சியில் கட்டி, ஓட்டையருகே நட்டுவைத்தாள். அதன்பின் வேலைக்கு நடுவே போகும்போதும் வரும்போதும் நாடாவைப் பார்ப்பது வழக்கமானது. சில நாட்களில் ஒழுங்கு பிடிபட்டது. விடியலில் நாடா வெளிப்பக்கம் ஆடும். வெயில் ஏறினால் உள்ளே மடங்கி ஓட்டைக்குள் நுழையப் பார்க்கும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மறுபடி வெளியே ஆடும்.

கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"செத்த போருமே அது. அதுக்கு எங்கருந்து மூச்சு வரும்?"

"ஹன்னா நைனா, ஒரு தபா வந்து பாரேன்."

"வேலகீது" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான். அவனுக்கு அந்த இடம் இன்னும் வலிக்கிறது என்று கிருபாபாய்க்குத் தெரியும். வற்புறுத்தவில்லை. திருப்பதிக்குப் போன் போட்டாள். ஹன்னா முதலில் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, ஹாஸ்டல்ல பிசிக்ஸ் படிக்கிற அக்கா ஒருத்தர்கிட்ட கேட்டேன். காத்துக்கும் கனம் இருக்காம். அந்தக் கனம் தெனமும் ஏறி எறங்குமாம். வெளிய கனம் கொறஞ்சா பாறை சந்துல இருக்கிற காத்து மேல வரும், கூடினா உள்ள போவும். அவ்ளோதாம்மா."

"அவ்ளோதானா?" என்றாள் கிருபாபாய். அவளுக்கு அது கொஞ்சம்கூடப் போதவில்லை. "அவ்ளோ காத்து நிக்கணும்னா உள்ள எவ்ளோ பெரிய எடம் இருக்கணும்டி?"

கிளாசுக்கு நேரமாச்சு என்று ஹன்னா போனை வைத்துவிட்டாள்.

இதற்கிடையே புழுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன. குளிரில் புழு சரியாகத் தின்னாது, மந்தமாகக் கிடக்கும். கரண்டு ஹீட்டர் ஒன்று இருந்தது, ஆனால் குளிர் கடுமையான விடியற்காலையில்தான் கரண்டும் போகும். புழுவீட்டில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கிருபாபாய்க்கு ஒரு யோசனை வந்தது. மேற்கு மூலையில் வெதுவெதுப்பான காற்று சும்மா வீணாகப் போகிறது. ஒரு குழாயைச் சொருகி இங்கே கொண்டுவந்தால் என்ன?

தக்காளிக்கு நீர் பாய்ச்சுகிற பழைய குழாய்ச் சுருளை அவள் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்ததும்தான் மாசிலாமணி பின்னாலேயே வந்தான். சில வருஷங்களுக்குப் பிறகு அந்த மூலைக்கு வருகிறான். கல்லருகே நின்று, தயங்கி, கையை ஓட்டையின் மேல் வைத்தான். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

"தண்ணி குடுக்கல" என்றான். "காத்தாவது குடுக்குதே."

பிறகு குழாய்ச் சுருளைப் பார்த்தான். "இரு. சின்ன வயசுல எங்க நைனாகூட கெணறு தூர்வாரப் போவேன். எறங்கறதுக்கு முந்தி வெளக்கு உட்டுப் பாப்பாங்க. வெளக்கு அணஞ்சா எறங்க மாட்டோம்."

மெழுகுவத்தியைக் கொளுத்தி ஓட்டையருகே காட்டினான். அணைந்தது.

"காத்து ஊதி அணஞ்சுதா, காத்து கெட்டு அணஞ்சுதா?" என்று கேட்டாள் கிருபாபாய்.

அவளே வழி சொன்னாள். ஊதுவதிலிருந்து இழுப்பதற்கு மாறும் நடுவே, காலைக் காப்பி வேளையை ஒட்டி, நாடா அசையாமல் தொங்குகிற கொஞ்ச நேரம் உண்டு. மறுநாள் அந்த நேரத்துக்காகக் காத்திருந்து, இருவரும் கடப்பாரையால் தகட்டை நெம்பித் திறந்தார்கள். பால் டப்பாவுக்குள் மெழுகுவத்தியை நிறுத்தி, கயிறு கட்டி, மெல்ல இறக்கினாள். ஓர் ஆள் ஆழம்கூடப் போகவில்லை. காற்று அசையாத குழாய்க்குள் சுடர் சிறுத்து, நீலமாகி, போய்விட்டது. மேலே இழுத்துக் கொளுத்தி மறுபடி இறக்கினாள். அதே இடத்தில் போனது.

மூடிய புழுவீட்டுக்குள் அந்தக் காற்றை விட்டிருந்தால் புழு மட்டுமா போயிருக்கும்? விடியலில் தழை போட உள்ளே போகிறவள் அவள்தான். நாடாவுக்காக ஓட்டையை மட்டும் விட்டு, தகட்டை இறுக்கி மூடினார்கள். குழாய்ச் சுருளை மாசிலாமணி தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். அன்றைக்கே போய் ஹீட்டருக்கு ஒரு பழைய பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கிவந்தான்.

அது முடிந்து சில நாளில் புழுக்கள் நாலாம் ஜுரம் எழுந்தன. தோலுரிக்கும் முன் புழு அசையாமல் கிடப்பதை அங்கே ஜுரம் என்பார்கள். நாலாவது ஜுரம் எழுந்தபின் கூடு கட்டும்வரை புழுவுக்குத் தீராத பசி. புழுவீட்டுக்குள் நின்றால் தழை தின்னும் சத்தம் தூறல் போலக் கேட்கும். அந்த நாட்களில் தழை நனையக் கூடாது. ஈரத் தழையைத் தின்றால் வயிறு கெட்டுப் புழு கொத்துக் கொத்தாகச் சாகும்.

அப்படிப்பட்ட ஒரு காலை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. மேற்கு மூலைப் பக்கம் போன கிருபாபாய் நின்றுவிட்டாள். இந்நேரம் உள்ளே மடங்க வேண்டிய நாடா, வெளியே விறைத்து நின்று படபடத்தது. கையை வைத்தாள். இதுவரை இல்லாத வேகம். கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். ஊதிக்கொண்டே இருந்தது.

வெளியே காற்றின் கனம் குறைந்தால் உள்ளே இருப்பது மேலே வரும் என்று ஹன்னா சொன்னாளே. இன்றைக்கு ஏன் இவ்வளவு குறைய வேண்டும்? ஐப்பசியில் புயல் வருவதற்கு முன் டிவியில் 'தாழ்வு' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். எது தாழ்கிறது என்று அவள் பலமுறை யோசித்ததுண்டு. இந்தக் கனம்தானோ? போனை எடுத்துப் பார்த்தாள். மேகம் என்று மட்டும் போட்டிருந்தது. வானத்தில் அதுகூட இல்லை.

"ஹன்னா நைனா, இப்பவே தழ அறுக்கணும். ரெண்டு நாளைக்கு ஆவறாப்பல."

"இந்த வெயில்லயா? வாடிப்பூடும்மே."

"நீயே வந்து கை வெச்சுப் பாரு."

அவன் வந்தான். கை வைத்தான். நேரே அரிவாளை எடுக்கப் போனான்.

கிருபாபாய் வரப்பில் நின்று சந்திரம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, மழ வரும்னு தோணுது. தழ அறுத்து வெச்சுக்கோ."

"இந்தச் சலியில வானயா? நீகு பிச்சி பட்டிந்தா ஏமி?" என்று, குளிரில் மழையா, பைத்தியமா பிடித்திருக்கிறது என்கிற அர்த்தத்தில் சந்திரம்மா தெலுங்கில் சிரித்தாள். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள்.

மத்தியானச் சாப்பாட்டை மறந்து அறுத்தார்கள். கிளை கிளையாக வெட்டி, கட்டாகக் கட்டி, புழுவீட்டை ஒட்டிய அறையில் நிறுத்திவைத்து, இலை வாடாதபடி, நனைத்து ஒட்டப் பிழிந்த சாக்கால் போர்த்தினார்கள். பொழுது சாய்கையில் கிழக்கே வானம் ஈயம் பூசியதுபோல ஆனது. கடைசிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிருபாபாய் ஓடிவரும்போது முதல் சொட்டு கழுத்தில் விழுந்தது. அவள் அந்த ஈரத்தோடு வாசலில் நின்று சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாசிலாமணிக்கு ஏனென்று புரியவில்லை, இருந்தாலும் அவனுக்கும் சிரிப்பு வந்தது.

அன்று பிடித்த மழை மறுநாளும் பெய்தது. அதற்கு மறுநாள் வெறித்தது. ஊரில் மற்றவர்கள் நனைந்த தழையை உதறி, மின்விசிறிக்கடியில் பரப்பிக் காயவைத்துப் போட்டார்கள். சிலர் தப்பித்தார்கள், சிலருக்குப் புழு போனது. இந்த இரண்டு வீட்டிலும் கூடு கெட்டியாக, வெள்ளை வெளேரென்று வந்தது.

சந்திரம்மாவின் வாய் சும்மா இருக்குமா? "கிருபா போரு மழ சொல்லுது" என்று பால் ஊற்றுகிற இடத்தில் சொல்லிவிட்டாள். தினம் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். மாசி பிறந்து ஒரு நாள் நாடா மறுபடி வேளை தவறி ஆட, கீழ்த்தெரு மணியம்மா கிருபாபாயின் பேச்சைக் கேட்டு, முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த புளி முழுவதையும் வாரி உள்ளே கொட்டினாள். அன்றைக்கு அடித்தது மண்டை பிளக்கிற வெயில். சாயங்காலம் மணியம்மா தெருவில் நின்று, "பொக்கப் போரப் பாத்து ஊரக் கெடுக்கறவளே!" என்று ஆரம்பித்து நெடுநேரம் திட்டினாள்.

மறுநாள் கிருபாபாய் போய்ப் புளியைத் திரும்பப் பரப்ப அவளுக்கு உதவினாள். "அது காத்தோட கனத்ததான் சொல்லுது பெரிம்மா" என்று பரப்பிக்கொண்டே சொன்னாள். "மழ வர்றதும் வராததும் வேற கணக்கு போலகீது. அந்தக் கணக்கு எனக்கு இன்னும் தெரில."

ஆனால் ஹன்னாவிடம் கேட்ட கேள்வி அவளை விடவில்லை. உள்ளே எவ்வளவு இடம்? எதுவரைக்கும் போகிறது? சந்திரம்மாவின் நிலத்திலும் தண்ணீர் வராத போர் ஒன்று உண்டு, நடுவே இரண்டு வயலும் ஒரு பாறையும் மட்டும்தான். இரண்டும் பூமிக்கடியில் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்கின்றனவா?

ஒரு காலை, போர் உள்ளிழுக்கிற வேளையில், சந்திரம்மா வீட்டிலிருந்து சாம்பிராணி வாங்கிவந்து கரியில் போட்டு ஓட்டையருகே பிடித்தாள். புகை நூலாகத் திரிந்து உள்ளே போனது. சந்திரம்மாவை அவள் நிலத்துப் போரண்டை உட்கார்ந்து மூக்கை வைத்திருக்கச் சொல்லியிருந்தாள். மத்தியானம் போர்கள் வெளியே ஊதத் தொடங்கியதும் வரப்பைத் தாண்டி ஓடினாள்.

"இன்னாக்கா, வாசன வந்துச்சா?"

சந்திரம்மா மூக்கைச் சுருக்கி யோசித்தாள். "வந்தாப்பல கீது. ஆனா காத்தால பூஜைல போட்ட சாம்பிராணி என் சீலைலயே கீதுமே. எதுன்னு நான் சொல்ல?"

கிருபாபாய் அங்கேயே குந்தினாள். இரண்டு வீட்டிலும் இல்லாத வாசனையாக இருக்க வேண்டும். அதுதான் சரி. என்ன இருக்கிறது அப்படி?

"யூகலிப்டஸ் தழ எரிச்சா எப்டி இருக்கும்க்கா?" என்றாள்.

"நாளைக்கா?"

"நாளைக்கேதான்."