கார்னர் அடிக்க எந்த மட்டை

ஹாக்கிப் பந்தை அடிக்க எனக்குத் தெரியும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. வயது முப்பத்தேழு ஆகிறது, ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை, மழைக்காலத்தில் வலது முழங்கால் வலிக்கும். ஆனாலும் பந்தைச் சரியாக நிறுத்திக் கொடுத்தால், கோல்கீப்பர் அசைவதற்குள் உள்ளே அடித்துவிடுவேன். எங்கள் பெண்கள் அணியில் பெனால்டி கார்னர் அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது அதனால்தான்.

அந்த அணி நாங்களாகச் சேர்த்தது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடிவிட்டு, கல்யாணத்தோடு மட்டையைப் பரணில் போட்டவர்கள் பதின்மூன்று பேர். இரண்டு ஆசிரியைகள், ஒரு நர்ஸ், ஒண்டிக்கடை என்ற முக்கில் துணிக்கடை வைத்திருப்பவர் என்று எல்லா வகையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டம் ஏறிவரும் நாள், பாதிப் பேருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் செவ்வாயும் வியாழனும் காலை ஆறரைக்கு, அனுமதி வாங்கி ஒரு பள்ளி மைதானத்தில் பயிற்சி எடுப்போம்.

கார்னரில் எனக்குப் பந்தை நிறுத்தித் தருபவள் மாரமங்கலத்துக்காரி. மலைமேல் இருக்கும் அந்த ஊரில் அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் காபி, மிளகுத் தோட்டம் இருக்கிறது. காலையில் அவர் பைக்கில் கொண்டுவந்து விடுவார், திரும்பிப் போக பஸ். என்னைவிட நான்கு வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் அவளை அம்மிணி என்பேன். பின்கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளிவிடுவாள். இவள் கோலுக்கு முன்னால் போட்ட வட்டத்துக்கு வெளியே குனிந்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து அதை நிறுத்தி, வட்டத்துக்குள் ஒரு தட்டுத் தட்டுவாள். உடனே நான் அடிப்பேன். இரண்டு பேரும் ஒரே மூச்சில் செய்ய வேண்டிய வேலை இது.

போன வருடம் காபிப் பறிப்பு முடிந்த சமயத்தில், கல்லூரிக் காலத்திலிருந்து நான் வைத்திருந்த மட்டை வளைவுப் பகுதியில் விரிசல்விட்டுப் போனது. சேலத்துக்கு இறங்கி, கடையிலேயே விறைப்பான மட்டையாகக் கேட்டு வாங்கினேன். ஏறக்குறைய முழுக்கக் கார்பன் இழை. கடைக்காரர் அதை முழங்காலில் வைத்து வளைத்துக் காட்டப் பார்த்தார், வளையவில்லை.

"அடிக்கறதுக்கு இதுக்கு மேல இல்லீங்க. ஆனா பந்து நிறுத்தறதுக்குக் கொஞ்சம் பழகோணுமுங்க," என்றார்.

முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை அதை எடுத்துப்போய் அடித்தபோது மைதானமே திரும்பிப் பார்த்தது. சத்தமே வேறு. பழைய மட்டையில் ஒரு மந்தமான தட்டு கேட்கும், இதில் பலகை பிளந்த மாதிரி இருந்தது. உள்ளங்கை இரண்டும் சுரீரென்றது. அந்த எரிச்சல்கூட எனக்குப் பிடித்திருந்தது. கோலுக்குப் பின்னால் வேலியோரம் போன பந்தைத் தேடி எடுக்க நர்ஸ் இரண்டு முறை ஓடினார். மூன்றாவது முறை நீயே போ என்றுவிட்டார்.

பத்து நாள் கழித்துச் சேலத்தில் ஓர் ஆட்டம். கார்னர் ஒன்றுகூடக் கிடைக்காததால் புது மட்டையின் அடியைக் காட்ட வழியே இல்லாமல் போயிற்று. மற்ற நேரத்தில் நான் ஆடுவது தடுப்பு வரிசையில். என்னை நோக்கி வந்த பந்தையெல்லாம் நிறுத்தப் போனேன், ஒவ்வொன்றும் மட்டையில் பட்டு ஒரு முழம் தள்ளிக் குதித்தது. கடைசியில் ஒன்று நேராக எதிரணிக்காரியின் காலடியில் போய் விழுந்தது. அவள் அதைக் கோலுக்குள் போட்டாள். அந்த ஒரே கோலில் தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, நான் மைதானத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். மாரமங்கலத்துக்காரி கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதே மைதானத்துலதானுங்க்கா நானும் நிறுத்துனேன்," என்றாள் பிறகு.

எனக்குக் கோபம் வந்தது. மைதானத்தைத் திட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் என் விடுமுறை நாளில் இரண்டு மட்டைகளை எடுத்துக்கொண்டு மாரமங்கலம் போனேன். ஒன்று என் கார்பன். இன்னொன்று துணிக்கடைக்காரரிடம் இரவல் வாங்கிய ஃபைபர் மட்டை, எல்லாம் கண்ணாடி இழை, கார்பன் பேருக்குக்கூடக் கிடையாது. அவள் வீட்டுக்குப் பின்னால் காபிக்கொட்டை உலர்த்தும் சிமெண்ட் களம் காலியாகக் கிடந்தது. பந்து ஓட அதைவிட நல்ல தரை ஏற்காடு மலையில் எனக்குத் தெரியாது.

இரண்டு செங்கல்லுக்கு நடுவே மட்டையைப் பாலம்போல வைத்து, மேலே கையை ஊன்றி அழுத்திப் பார்த்தோம். ஃபைபர் லேசாகத் தாழ்ந்து, கையை எடுத்ததும் நிமிர்ந்தது. கார்பன் அப்படியே கிடந்தது. பிறகு அவள் பந்தை உருட்டிவிட நான் நிறுத்தினேன். ஃபைபரில் பந்து வந்து ஒட்டிக்கொண்டது. கார்பனில் மோதித் திரும்பியது. இந்த அளவுக்கு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அடிக்கும்போது நிலைமை தலைகீழ். கார்பனில் அடித்த பந்து எதிர்ச்சுவரில் பட்டு எங்களையும் தாண்டித் திரும்பி வந்தது. அதே வீச்சில் ஃபைபரால் அடித்தால் சுவரில் பட்டுத் திரும்பிப் பாதிக் களத்திலேயே ஓய்ந்துவிட்டது. என் கைவேகத்தில் ஒரு பங்கை மட்டை வளைந்தே தின்றுவிடுகிறது என்று புரிந்தது.

"நீங்க ஓங்கி அடிக்கறீங்க்கா. இந்த மட்டையில பந்தை இழுத்துட்டுப் போயி விட்டுப் பாருங்க," என்றாள் அவள்.

பந்தை மட்டையின் தண்டோடு சேர்த்து, தரையோடு தரையாக இழுத்து, கடைசியில் மணிக்கட்டால் சுழற்றி விடுவதைச் சொன்னாள். செய்து பார்த்தேன். மட்டை பின்பக்கம் நெளிந்து, விடும் இடத்தில் நிமிர்ந்து கொடுத்தது. ஏழெட்டு முறையில் இரண்டு நன்றாகப் போயின, மற்றவை கோணலாகப் போயின. அவ்வளவு தாழக் குனிவதற்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"எனக்கு இது வேண்டாம் அம்மிணி. அடிக்கறதுதான் என் வேலை," என்றேன். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தேன். ஆட்டம் முழுக்க இரவல் ஃபைபரை வைத்துக்கொள்வது, கார்னர் கிடைத்ததும் ஓரத்துக்கு ஓடிக் கார்பனை எடுத்துக்கொள்வது. பயிற்சியில் இரண்டு வாரம் அப்படித்தான் செய்தோம். பிரமாதமாக இருந்தது. எனக்கு முன்னால் யாருக்கும் இது தோன்றாதது ஏன் என்றுகூட யோசித்தேன்.

அதே சேலம் அணி ஏற்காட்டுக்கு ஆட வந்தது. ஓட்டலில் ஒரு ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். ஃபைபர் மட்டையில் அன்று ஒரு பந்துகூட என்னைத் தாண்டிக் குதிக்கவில்லை. ஆனாலும் இரண்டாம் கால்பகுதியில் இன்னொரு பக்கமாக நுழைந்து அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்களுக்குக் கார்னர் கிடைத்தது. நான் ஓரத்துக்கு ஓடிக் கார்பனை எடுத்துக்கொண்டு திரும்பினேன். நடுவர் விசிலை ஊதிக் கையைக் காட்டினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, குரலை உயர்த்தாமல் பேசுபவர்.

"கார்னர் குடுத்தாச்சுங்க. அது முடியற வரைக்கும் ஸ்டிக் மாத்தக்கூடாதுங்க."

"ரெண்டும் என்னோட ஸ்டிக்தானுங்க," என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை.

"யாரோடதா இருந்தாலும் அதேதானுங்க. கையில இருக்கறது ஒடஞ்சு போயிருந்தா மாத்திக்கலாம். ஒடஞ்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அதை எடுத்துட்டு வாங்க."

விதியே அப்படித்தான் இருக்கிறது. இருபது வருடமாக ஹாக்கி தெரியும் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பதின்மூன்று பேரில் ஒருத்திக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஃபைபரோடு வந்து நின்றேன். பந்து வந்தது, மாரமங்கலத்துக்காரி நிறுத்தினாள், நான் பழக்கதோஷத்தில் முழு வீச்சில் ஓங்கி அடித்தேன். பந்து சோர்ந்துபோய் ஓடியது. கோல்கீப்பர் காலால் நிதானமாக ஒதுக்கினார். ஒதுக்கிய பந்து அவர்கள் அணியிலேயே ஒருத்தியின் காலில் பட்டது. கோல்கீப்பரைத் தவிர யார் காலில் பட்டாலும் தப்பு, அதனால் மறுபடியும் கார்னர். மட்டை மாற்ற இப்போதும் வழியில்லை.

மாரமங்கலத்துக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இழுத்துரலாமுங்களா?" என்றாள்.

"நிறுத்து. இழுத்தர்றேன்," என்றேன்.

அவள் பந்தைச் சற்று எனக்குப் பின்தங்கிய மாதிரி நிறுத்திக் கொடுத்தாள். இடது காலை நீளமாக எடுத்து வைத்தேன், எங்கிருந்து அந்த வளைவு முதுகுக்கு வந்ததென்று தெரியவில்லை. மட்டையை ஓங்கவே இல்லை. பந்து தண்டோடு சேர்ந்து வந்தது, அதன் கனம் கையில் தெரிந்தது, மட்டை இழுபட்டு நெளிந்ததும் தெரிந்தது. விட்டுவிட்டேன். கோல்கீப்பரின் இடது பக்கத்தில் முழங்கால் உயரத்தில் போய் வலையில் விழுந்தது. அவர் என் ஓங்கலுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. முடிந்தபின் அந்தக் கோல்கீப்பர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வந்தார்.

"ஏனுங்க, சத்தமே வரலீங்களே. அடிப்பீங்கன்னு நெனச்சு நின்னுட்டனுங்க," என்றார்.

"நானும் அடிக்கலாம்னுதானுங்க நெனச்சேன்," என்றேன். அவர் சிரித்தார்.

நடுவரிடம் போய் விதியை இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருக்கு நான் சண்டைக்கு வருகிறேனோ என்று சந்தேகம், சொல்லி முடிக்கும்வரை மட்டையின்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

இப்போது என் கையில் ஒரே மட்டைதான். பாதி கார்பன், பாதி ஃபைபர். செங்கல்மேல் வைத்து அழுத்தினால் கொஞ்சமாகத் தாழும். பந்து வரும்போது பிடியைத் தளர்த்திக் கையைச் சற்றுப் பின்வாங்கினால் ஒட்டிக்கொள்கிறது, அடித்தாலும் கோல்வரை வேகம் குறையாமல் போகிறது. முழு கார்பன் மட்டை நர்ஸிடம் இருக்கிறது. கோலுக்கு முன்னால் நின்று வந்ததையெல்லாம் வெளியே விரட்டுவது அவர் வேலை, அதற்கு அது பொருத்தம். இழுத்து விடுவதை வாரம் இரண்டு நாளும் இருபது முறை செய்கிறேன். பத்தில் ஆறு சரியாக விழுகின்றன, மழை வருவதற்குள் எட்டாக்கிவிடுவேன்.

மாரமங்கலத்துக்காரி இப்போது தானும் கார்னர் அடிக்க வேண்டும் என்கிறாள். போன வியாழன் அவள் அடிக்க நான் குனிந்து பந்து நிறுத்தினேன். நான்கில் மூன்றைத் தவறவிட்டேன்.

"நொம்ப விறைப்பா பிடிக்கறீங்க்கா," என்றாள்.

சரி என்று கையைத் தளர்த்திக்கொண்டு, அடுத்த பந்துக்குக் குனிந்தேன்.